நடைபாதையாகிவிட்ட ரயில் தடத்துக்கு மேலே நிற்கும் பழைய கல் பாலம்: பழுது பார்ப்பதா, நிரப்பி மூடுவதா?

நடைவண்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கட்டுமானத் துறையில் இருப்பவர்கள் சிலர் இங்கே எழுதுவதைப் பல நாள்களாக வாசித்து வருகிறேன். அதனால்தான் இந்தக் கேள்வியை இங்கேயே கேட்கத் துணிந்தேன்.

நான் இங்கிலாந்தில் டார்பி நகரில் வசிக்கிறேன். சனி, ஞாயிறுகளில் குடும்பத்தோடு மான்சல் டிரெயில் என்னும் நடைபாதைக்குப் போவது எங்கள் வழக்கம். அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்: மிட்லண்ட் ரயில்வே 1863இல் இந்தப் பள்ளத்தாக்கின் வழியே திறந்த இருவழித் தடம் 1968இல் மூடப்பட்டது. தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்த பிறகு, பீக் மாவட்டத் தேசியப் பூங்கா நிர்வாகம் அந்த நிலத்தை வாங்கி 1981இல் நடைபாதையாக்கியது. பாதுகாப்பு கருதி அடைத்து வைக்கப்பட்டிருந்த சுரங்கங்கள் 2011இல் திறக்கப்பட்டதிலிருந்து, சுமார் எட்டரை மைல் தொலைவைத் தள்ளுவண்டிக் குழந்தையோடும் கைத்தடிப் பெரியவர்களோடும் ஏற்ற இறக்கம் இல்லாமல் நடந்து கடக்க முடிகிறது.

எல்லோரும் படம் எடுப்பது ஹெட்ஸ்டோன் பாலத்தை. அது ரயிலைத் தன் தலைமேல் தாங்கிய பாலம். நான் கேட்க வந்தது ரயிலைத் தன் காலடியில் போகவிட்டு, ஊர்ச்சாலை ஒன்றைத் தாங்கி நிற்கும் ஒரு சிறிய கல் பாலத்தைப் பற்றி. மேலே பால் டேங்கர் லாரியும் டிராக்டரும் போகின்றன. கீழே நாங்கள் நடக்கிறோம். உள்வளைவில் இரண்டு கரும்பட்டைகள் பாதையின் திசையிலேயே ஓடுகின்றன. போகும் ரயிலின் தடத்துக்கு ஒன்று, வரும் ரயிலின் தடத்துக்கு ஒன்று என, நீராவி எஞ்சின்களின் புகைபோக்கிகள் விட்டுச்சென்ற கரி அது. அரை நூற்றாண்டுக்கு மேல் மழை பெய்தும் அழியாமல் இருக்கிறது.

சென்ற வாரம் மழை நின்று ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அங்கே ஒதுங்கியபோது, வளைவின் உச்சியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கற்களுக்கு இடையில் சுண்டு விரல் நீளத்துக்கு வெள்ளை ஊசிகள் தொங்குகின்றன. தொட்டால் உடைந்து மாவாகின்றன. முகப்பிலிருந்து சற்று உள்ளே ஒரு விரிசலும் தெரிந்தது. நாயோடு வந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், "இதையெல்லாம் கான்கிரீட் போட்டு நிரப்பிவிட்டால் தீர்ந்தது" என்று சொல்லிவிட்டுப் போனார். நிரப்பிவிட்டால் நாங்கள் எந்த வழியாக நடப்பது என்று கேட்பதற்குள் அவர் வளைவைத் தாண்டிவிட்டார்.

என் கேள்விகள் இரண்டு. இந்தப் பாலத்தின் கீழே அஞ்சாமல் நடக்கலாமா? அவர் சொன்னதுபோல் பாலங்களை நிரப்பி மூடும் வழக்கம் உண்மையிலேயே உண்டா?

கொத்துக்கரண்டி எழுதியது:

நடைவண்டி அவர்களுக்கு, படத்தைக்கூடப் பார்க்காமல் ஒரு பாலத்துக்குச் சான்றிதழ் எழுதுவது என் தொழிலுக்கு அழகன்று. அதனால் அது எப்படி நிற்கிறது என்பதை மட்டும் முதலில் சொல்கிறேன். பிறகு நீங்கள் மூன்று காரியங்களைப் பார்த்துவர வேண்டும்.

கல் வளைவுக்கு இழுவிசை தெரியாது. நெருக்கம் மட்டுமே தெரியும். ஒவ்வொரு ஆப்புக்கல்லும் தன் இரு பக்கத்துக் கற்களை நெருக்கிக்கொண்டு நிற்கிறது. அந்த நெருக்கம் வளைவு வழியே இறங்கி இரண்டு கரைகளிலும் உள்ள முட்டுச்சுவர்களைத் தள்ளுகிறது. முட்டுச்சுவர்களுக்குப் பின்னால் இருக்கும் மண் அந்தத் தள்ளலை வாங்கிக்கொள்கிறது. தொங்கும் சங்கிலி எந்த வடிவில் வளைகிறதோ, அதைத் தலைகீழாக்கினால் நிற்கும் வளைவின் வடிவம் கிடைக்கும் என்று ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1675இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராக வெளியிட்டார். இன்றும் கணினியில் நாங்கள் போடும் கணக்கின் அடிப்படை அதுதான். சங்கிலியின் தலைகீழ்க் கோடு கல்லின் தடிமனுக்குள் அடங்கும்வரை பாலம் நிற்கும். கோடு விளிம்பைத் தொடும் இடத்தில் கற்கள் கதவுக் கீல்போலத் திறக்கத் தொடங்கும். அப்படி நான்கு கீல்கள் உண்டானால்தான் வளைவு விழும். ஒரு விரிசலைக் கண்டவுடன் ஓட வேண்டியதில்லை என்று நாங்கள் சொல்வதற்கு இதுவே காரணம்.

வெள்ளை ஊசிகள் சுண்ணாம்பு. சாலையின் தார்ப்பரப்பில் புகுந்த மழைநீர், வளைவின் முதுகில் கொட்டிய நிரப்பு மண்ணில் ஊறி, கற்களுக்கு இடையிலுள்ள காரையைக் கரைத்துக்கொண்டு கீழே வருகிறது. காற்றுப் பட்டதும் கரைந்த சுண்ணாம்பு மீண்டும் இறுகித் தொங்குகிறது. ஆகவே அந்த ஊசிகளைப் பார்த்துக் கல்லுக்கு நோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மேலே சாலையில் நீர் வடிய வழி இல்லை என்பதைத்தான் அவை சொல்கின்றன.

நீங்கள் பார்க்க வேண்டியவை: விரிசல் எந்தத் திசையில் ஓடுகிறது, இணைப்புகளில் இருப்பது பழைய காரையா அல்லது பிற்காலத்துச் சிமெண்டா, சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் வளைவின் கோடு சீராக இருக்கிறதா அல்லது ஓரிடத்தில் தட்டையாகத் தெரிகிறதா. திசைதான் எல்லாவற்றிலும் முக்கியம். நீங்கள் நடக்கும் திசைக்கு இணையாக விரிசல் ஓடினால் உடனே சொல்லுங்கள்; அது கீல் திறப்பதன் அறிகுறியாக இருக்கலாம். தலைக்கு மேலே வானவில்போல ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு ஓடினால் அது வேறு கதை.

கணக்கன் எழுதியது:

நான் பொறியாளன் அல்லன், வரி செலுத்துபவன். பெரியவர் சொன்னதில் என்ன தவறு என்று எனக்கு விளங்கவில்லை.

பிரிட்டனில் ரயில்வே தேசியமயமாகி, 1963இல் ரயில்வே வாரியத் தலைவர் பீச்சிங்கின் அறிக்கை ஏறத்தாழ 5,000 மைல் தடத்தையும் 2,363 நிலையங்களையும் மூடச் சொன்ன பிறகு, ரயில் ஓடாத ஊர்களில் பாலங்களும் சுரங்கங்களும் அரசின் தலையில் தங்கிவிட்டன. இப்போதும் அவற்றில் 3,100க்கு மேற்பட்டவை போக்குவரத்துத் துறையின் பெயரில் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஒவ்வொன்றுக்கும் ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டும், காரை பூச வேண்டும், செடி வெட்ட வேண்டும். ரயிலும் ஓடாது, வருமானமும் வராது. மான்சல் டிரெயில்போல ஆயிரக்கணக்கானோர் நடக்கும் இடத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கீழே முள்ளும் புதரும் மட்டுமே இருக்கும் பாலத்தை நிரப்பினால் மேலே சாலை என்றென்றும் பத்திரமாக இருக்கும்; கீழே யாருக்கும் இழப்பில்லை. பழமை என்ற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் தூக்கிச் சுமக்க முடியாது.

வல்வையூரான் எழுதியது:

கணக்கன் அண்ணாவின் "யாருக்கும் இழப்பில்லை" என்ற சொல்லுக்குப் பதில் எழுதாமல் போக முடியவில்லை. நான் பென்ரித் பக்கம் பாரவூர்தி ஓட்டுகிறேன். கம்ப்ரியாவிலுள்ள கிரேட் மஸ்கிரேவ் என்னும் சிற்றூரின் பாலம் என் வழியில் உள்ளது. அங்கே நடந்ததை இந்த நாட்டில் பலர் அறிவார்கள். தமிழில் யாரும் வடிவாகச் சொல்லக் கேட்டதில்லை.

ஈடன் பள்ளத்தாக்குத் தொடருந்துப் பாதை 1862இல் திறந்தது. அதன் பொறியாளர் தாமஸ் பௌச். பின்னாளில் 1879 டிசம்பரில் புயலில் சரிந்த டே பாலத்தைக் கட்டியவரும் அவரே. ஆனால் மஸ்கிரேவில் அவர் விட்டுச்சென்ற கல் வளைவு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் நின்றது. 1962இல் பயணிகள் தொடருந்து நின்றுபோனது, பின்னர் தண்டவாளமும் போனது. பாலத்தின் ஒரு பக்கம் வார்கொப்பிலும் மறு பக்கம் கிர்க்பி ஸ்டீபனிலும் பழைய தொடருந்தைப் பேணும் தொண்டர் குழுக்கள் இருக்கின்றன. என்றாவது ஒரு நாள் இரண்டு முனைகளையும் இணைக்க வேண்டும் என்பது அவர்களுடைய கனவு. அந்தக் கனவுக்கு இந்த வளைவின் கீழேதான் வழி.

2021இன் நடுப்பகுதியில், அன்று ஹைவேஸ் இங்கிலாந்து என்று இருந்து பிறகு நேஷனல் ஹைவேஸ் என்று பெயர் மாறிய அரசு நிறுவனம், ஏறத்தாழ 1,600 டன் கல்லையும் கான்கிரீட்டையும் அந்த வளைவுக்குள் கொட்டியது. 44 டன் ஊர்திகளுக்குப் பாலத்தின் வலு போதாது, இடிந்து விழும் ஆபத்தைத் தவிர்க்கிறோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். திட்ட அனுமதி கேட்கவில்லை. அவசரப் பணிகளுக்கு விலக்குத் தரும் விதியைப் பயன்படுத்தினார்கள். அந்த விதியில் ஒரு நிபந்தனை உண்டு. குறித்த காலத்துக்குள் முறையான அனுமதி பெற வேண்டும். பெறாவிட்டால் இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

அனுமதிக்கு விண்ணப்பம் போனபோது 900க்கு மேற்பட்ட எதிர்ப்புக் கடிதங்கள் வந்தன. 2022 ஜூனில் ஈடன் மாவட்ட மன்றத்தின் திட்டக் குழு ஒருமனதாக மறுத்துவிட்டது. அடுத்த ஆண்டு, கொட்டிய கான்கிரீட் அத்தனையையும் உடைத்து வெளியே எடுத்தார்கள். நிரப்பச் செலவானது 1,24,000 பவுண்டு. அதை எடுக்க 3 லட்சம் பவுண்டுக்கு மேல் ஆனது. நிரப்பிய காலத்தில் அந்த வழியாகப் போகும்போது ஊர்தியை மெதுவாக்கிப் பார்ப்பேன். வளைவு இருந்த இடத்தில் வாயில் துணி அடைத்ததுபோலச் சாம்பல் நிறச் சரிவு ஒன்று நின்றது. முகப்புக் கற்கள் மட்டும் மேலே தெரிந்தன.

கணக்கன் எழுதியது:

வல்வையூரானுக்கு நன்றி. இந்த விவரம் எனக்குப் புதியது. ஆனால் என் வாதத்தை இது எப்படி உடைக்கிறது? நிரப்பியது மலிவு, எடுத்ததுதான் இரண்டு மடங்குக்கு மேல். அனுமதி பெறாமல் செய்தது நடைமுறைக் குற்றம்; செய்த வேலை தவறு என்று அதனால் ஆகிவிடாது. அனுமதி வாங்கி நிரப்பியிருந்தால் 1,24,000 பவுண்டோடு கதை முடிந்திருக்கும்.

44 டன் லாரிக்கு அந்தப் பாலம் போதாது என்று பொறியாளர்களே சொன்னார்கள் அல்லவா? குதிரை வண்டிக்குக் கட்டிய பாலத்தின்மேல் இன்றைய லாரி போகும்போது, கீழே இருக்கும் வெற்றிடத்தை நம்பி என் பிள்ளையின் பள்ளிப் பேருந்தை அனுப்ப முடியுமா என்பதே கேள்வி.

கொத்துக்கரண்டி எழுதியது:

கணக்கன் அவர்கள் சரியான இடத்தில் விரல் வைத்திருக்கிறார். மழுப்பாமல் பதில் சொல்ல முயல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குதிரை வண்டிக்குக் கட்டிய பாலம் லாரியைத் தாங்குமா என்ற கேள்வியை இந்த நாடு 1980களில் நேரடியாகவே கேட்டுப் பார்த்தது. கைவிடப்பட்ட கல், செங்கல் வளைவுப் பாலங்கள் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, அவை இடிந்து விழும்வரை எடை ஏற்றிச் சோதித்தார்கள். 1984இல் ஸ்காட்லாந்தின் பிரிட்ஜ்மில் என்ற இடத்தில் 18 மீட்டருக்குச் சற்று அதிகமான அகலத்தைத் தாண்டி நின்ற கல் வளைவு, 300 டன்னுக்கு மேல் ஏற்றிய பிறகே விழுந்தது. அதாவது, ஏழு முழு லாரிகளின் எடையை வளைவின் குறுக்கே ஒரே பட்டையில் குவித்து வைத்ததற்குச் சமம். இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் வழக்கறிஞராகிவிடுவேன். அதே சோதனை வரிசையில், பிரெஸ்ட்வுட் என்ற இடத்தில், ஏற்கெனவே வடிவம் குலைந்திருந்த ஒரு சிறிய செங்கல் வளைவு 23 டன்னிலேயே விழுந்தது. எல்லாப் பழைய பாலமும் வலிமையானது என்று சொல்ல முடியாது; எல்லாப் பழைய பாலமும் ஆபத்தானது என்றும் சொல்ல முடியாது. வளைவின் வடிவம், தடிமன், மேலே உள்ள நிரப்பு மண்ணின் ஆழம், ஈரம் ஆகியவற்றைத் தனித்தனியே பார்த்தாக வேண்டும்.

இங்கேதான் காகிதத்தில் வரும் எண்ணைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். கல் வளைவுகளின் கொள்ளளவை முதல் கட்டத்தில் கணிக்கும் எளிய முறை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பீரங்கி வண்டிகள் எந்தப் பாலத்தைக் கடக்கலாம் என்று விரைந்து முடிவெடுக்க இராணுவத்துக்காக உருவான ஒன்று. 1999 முதல் 40 டன் லாரிகளை அனுமதிக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்தபோது, நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான பாலங்களைப் பெரும்பாலும் அந்த முறையில்தான் அளந்தார்கள். இணைப்புகளில் காரை உதிர்ந்திருந்தால் அந்தக் கணக்கில் மதிப்பெண் குறையும். மீண்டும் பூசினால் மதிப்பெண் ஏறும். ஆகவே "வலு போதாது" என்ற முடிவு சில பாலங்களில் உண்மையான பலவீனத்தைக் குறிக்கும். சில பாலங்களில் யாரும் காரை பூசவில்லை என்பதை மட்டுமே குறிக்கும். எது எது என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் பொறியாளருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

பலவீனம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கையில் இருப்பது கான்கிரீட் மட்டுமல்ல. எடை வரம்புப் பலகை வைக்கலாம்; சாலையின் அகலத்தைக் குறைத்துச் சக்கரங்களை நடுவே போகச் செய்யலாம்; மேலேயிருந்து மண்ணைத் தோண்டி எடுத்து, வளைவின் முதுகில் கான்கிரீட் சேணம் ஒன்றை வார்த்து மீண்டும் மூடலாம். சேணம் போட்டால் கீழே இருக்கும் வெற்றிடத்தில் ஒரு சாண்கூடக் குறையாது. நிரப்புவது நோயாளிக்கு மருந்து கொடுக்காமல் அறையையே சுவர் வைத்து அடைப்பது போன்றது. அடைத்த பிறகு வளைவின் அடிப்பக்கத்தை யாரும் பரிசோதிக்கவும் முடியாது.

புதர் மட்டுமே இருக்கும் இடத்தில் யாருக்கு இழப்பு என்று கேட்டீர்கள். மான்சல் டிரெயிலும் 1968க்கும் 1981க்கும் இடையில் புதராகத்தான் கிடந்தது. ஒரு தடத்தை நடைபாதையாக்க வேண்டுமானால் அது முறியாமல் நீண்டு கிடக்க வேண்டும். எட்டு மைலில் ஒரே ஒரு பாலத்தை நிரப்பினாலும், அந்த இடத்தில் நடப்பவர்கள் சரிவில் ஏறி, லாரி ஓடும் சாலையைக் கடந்து, மறுபக்கம் இறங்க வேண்டும். தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் அதோடு நின்றுவிடும்.

ஹெட்ஸ்டோன் பாலம் கட்டப்பட்ட காலத்தில் எழுத்தாளர் ஜான் ரஸ்கின் அதைப் பள்ளத்தாக்குக்கு நேர்ந்த அழிவு என்று வசைபாடினார் என்பதும், இன்று அதுவே சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதும் ஒரு வேடிக்கை. இது வாதத்துக்காக அல்ல, சும்மா சொல்லி வைத்தேன்.

பாலத்தடி எழுதியது:

நான் திருச்சியில் ஓய்வு பெற்ற ரயில்வேப் பாலப் பணியாளன். இங்கிலாந்துப் பாலத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் செங்கல் வளைவுகளின் அடியில் சாரத்தில் படுத்து முப்பது ஆண்டு காரை அடைத்தவன் என்ற முறையில் நடைவண்டித் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

சிமெண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். பழைய காரை கல்லைவிட மென்மையானது. பாலம் அசையும்போது காரை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், உள்ளே புகுந்த நீரையும் தன் வழியே வெளியே விடும். சிமெண்டு கல்லைவிடக் கடினம். நீரை உள்ளேயே அடைத்துவிடும். எங்கள் ஊரில் அதனால் கல் ஈரமாகவே கிடந்து பொரிந்து போகும். உங்கள் ஊரில் உறைபனி வேறு இருக்கிறதே, உள்ளே தேங்கிய நீர் பனிக்கட்டியாகி விரிந்தால் கல்லின் முகமே தோசைபோலக் கழன்று விழுமே. கரண்டியின் முனையால் இணைப்பைச் சுரண்டிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. கரண்டி வழுக்கினால் சிமெண்டு.

நடைவண்டி எழுதியது:

பாலத்தடி ஐயாவுக்கும் கொத்துக்கரண்டி சகோதரிக்கும் நன்றி. சனிக்கிழமை போய்ப் பார்த்து வந்துவிட்டேன். கரண்டி கொண்டுபோகத் தயக்கமாக இருந்தது. வீட்டுச் சாவியால் சுரண்டினேன்.

முதலில் திசை. பாதைக்கு இணையாக உச்சியில் ஒரு கறுப்புக் கோட்டைக் கண்டு திடுக்கிட்டேன், ஏனென்றால் நீங்கள் அஞ்சச் சொன்ன திசை அதுதான். என் மகள் கைவிளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, அது விரிசல் இல்லை, புகைக்கரிப் பட்டையின் விளிம்பு என்று கண்டுபிடித்தாள். கோட்டின் இரு பக்கத்திலும் கல் ஒரே மட்டத்தில் இருந்தது. உண்மையான விரிசல் வானவில் திசையில் ஓடுகிறது. தெற்கு முகப்பிலிருந்து ஏறத்தாழ இரண்டு அடி உள்ளே, இடப்பக்கச் சுவரில் இடுப்பு உயரத்தில் தொடங்கி, தலைக்கு மேலே வளைந்து, வலப்பக்கத்தில் தோள் உயரத்தில் மறைகிறது. உச்சியை என்னால் தொட முடியவில்லை. கீழ்ப்பகுதியில் ஒரு பவுண்டு நாணயத்தின் விளிம்பு நுழையவில்லை. வங்கி அட்டை நுழைந்தது.

இணைப்புகளில் இரண்டு வகையும் இருக்கின்றன. வடக்குப் பக்கத்தில் சாவி பட்டவுடன் மாவாக உதிர்கிறது. தெற்கு முகப்பில் யாரோ எப்போதோ சிமெண்டு பூசியிருக்கிறார்கள். சரியாக அந்த இடத்தில்தான் கற்களின் முகம் ஏடு ஏடாகப் பெயர்ந்திருக்கிறது. ஐயா சொன்ன தோசை உவமையை அங்கே நேரில் பார்த்தேன். தள்ளி நின்று பார்த்தால் வளைவின் கோடு சீராகவே தெரிகிறது. மேலே சாலைக்கும் ஏறிப் பார்த்தேன். தெற்குக் கைப்பிடிச் சுவர் மிக லேசாக வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அதன் ஓரத்தில் நீர் வடியும் இரும்புச் சல்லடை ஒன்று இருக்கிறது. அதன்மேல் இலையும் சேறும் மூடி, அந்தச் சேற்றில் புல்லே முளைத்துவிட்டது.

கொத்துக்கரண்டி எழுதியது:

இவ்வளவு பொறுமையாகப் பார்த்து எழுதியதற்கு உங்களுக்கும் மகளுக்கும் நன்றி. என்னிடம் பயிற்சிக்கு வரும் சிலர் இதைவிடக் குறைவாக எழுதித் தருவார்கள்.

நீங்கள் சொல்லும் நான்கும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. சல்லடை அடைத்துக்கொண்டதால் சாலை நீர் தெற்கு ஓரத்தில் தேங்கி உள்ளே இறங்குகிறது. நிரப்பு மண் ஊறிக் கனக்கிறது. குளிரில் உறைந்து விரிகிறது. ஓரமாகப் போகும் டேங்கரின் சக்கரம் அதை மேலும் அழுத்துகிறது. இவை எல்லாம் சேர்ந்து பக்கச்சுவரை, அதாவது கைப்பிடிச் சுவருக்கு அடியில் நிரப்பு மண்ணைத் தடுத்து நிற்கும் சுவரை, வெளியே தள்ளுகின்றன. பக்கச்சுவர் போகும்போது தன்னோடு ஒட்டியிருக்கும் முகப்பு வளையத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. உடல் வளைவு தன் இடத்திலேயே நிற்க, இரண்டுக்கும் நடுவே வானவில் விரிசல் விழுகிறது. பழைய வளைவுப் பாலங்களில் மிகப் பரவலாகக் காணப்படும் பழுது இது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் வளைவு நாளைக்கே விழும் என்று அஞ்சக் காரணம் தெரியவில்லை. ஆனால் கைப்பிடிச் சுவரிலிருந்தோ சிமெண்டு பூசிய முகப்பிலிருந்தோ கல் துண்டு ஒன்று கழன்று கீழே விழக்கூடும். ஆகவே தெற்கு முகப்பின் நேர் அடியில் நின்று இளைப்பாறாதீர்கள்.

பாலத்தின் உரிமையாளருக்கு எழுதுங்கள். பாதையின் உரிமையாளரும் பாலத்தின் உரிமையாளரும் மேலே செல்லும் சாலையின் உரிமையாளரும் ஒரே அலுவலகமாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் பாலத்தில் ஓர் எண் பலகை இருக்கும். அந்த எண்ணைக் குறிப்பிட்டு, நாணயமும் அட்டையும் வைத்து எடுத்த படங்களை இணைத்து, தேதி போட்டு அனுப்புங்கள். சல்லடையைப் பற்றிச் சாலைத் துறைக்குத் தனியாக எழுதுங்கள். ஒரே கடிதத்தில் இரண்டையும் எழுதினால் இரண்டு அலுவலகங்களும் மற்றதன் மேசைக்கே தள்ளிவிடும்.

பழுது பார்ப்பது என்றால், பக்கச்சுவர்களைக் குறுக்கே துளைத்து எஃகுக் கம்பிகளால் பிணைத்து, சிமெண்டைச் சுரண்டி எடுத்து, சுண்ணாம்புக் காரையால் மீண்டும் அடைத்து, சாலையில் நீர்க்காப்புப் போட வேண்டியிருக்கும். இணைப்புகளைத் தொடும் முன் வௌவால்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இங்கே 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி அவை தங்கும் இடத்தைக் குலைப்பது குற்றம். விரிசலில் வௌவால் குடியிருந்தால் பருவம் பார்த்துத்தான் வேலை தொடங்க முடியும்.

கணக்கன் எழுதியது:

ஒரு சல்லடையைச் சுத்தம் செய்யாததால் இத்தனையும் என்றால், என் கோபம் திசை மாறுகிறது. ஆள் அனுப்பிப் பார்க்கும் செலவை நான் வீண் என்று எழுதினேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும், உள்ளபடியே வடிவம் குலைந்து, நடைபாதையாகும் வாய்ப்பும் இல்லாத பாலம் ஒன்று இருந்தால், முறையாக அனுமதி பெற்று நிரப்புவதை நான் இன்னமும் எதிர்க்க மாட்டேன்.

வல்வையூரான் எழுதியது:

வாய்ப்பு இல்லை என்று யார் முடிவு செய்வது என்பதில்தானே மஸ்கிரேவில் சிக்கல் வந்தது, அண்ணா. அந்தச் சச்சரவுக்குப் பிறகு மற்ற இடங்களில் நிரப்பும் பணிகளை நிறுத்தி வைத்தார்கள். நடைபயண, மிதிவண்டி, மரபுப் பாதுகாப்பு அமைப்புகளையும் கேட்டே முடிவெடுப்பது என்று நடைமுறையை மாற்றினார்கள். உங்கள் கேள்வியை அங்கே வைத்தால் ஒவ்வொரு பாலத்துக்கும் ஒவ்வொரு பதில் வரும். அதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை.

நடைவண்டி எழுதியது:

ஐந்து வாரங்களுக்குப் பிறகு வருகிறேன். இழையைத் தொடர்ந்தவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன்.

எண் பலகை கைப்பிடிச் சுவரின் உட்பக்கத்தில், படர்கொடிக்குப் பின்னால் இருந்தது. கடிதங்களைத் தனித்தனியாகவே அனுப்பினேன். முதலில் எழுதிய அலுவலகம், பாலம் தங்களுடையது அல்ல என்று மூன்றே வரியில் பதில் அனுப்பியது. இரண்டாவது அலுவலகமும் அப்படியே. மூன்றாவது இடத்திலிருந்து ஒரு பெண் பொறியாளர் தொலைபேசியில் அழைத்து, நாணயம் எந்த உயரத்தில் வைக்கப்பட்டது என்று கேட்டார். மறுவாரம் ஆள் வந்து விரிசலின் குறுக்கே மூன்று இடங்களில் கோடு பொறித்த சிறு அளவுத் தகடுகளை ஒட்டிச் சென்றிருக்கிறார்கள். குளிர்காலம் முழுவதும் அளந்துவிட்டு, வசந்தத்தில் பிணைப்புக் கம்பி போடுவதைப் பற்றி முடிவு செய்வார்களாம். நிரப்பும் பேச்சே எழவில்லை.

சாலைத் துறையிடமிருந்து பதிலே வரவில்லை. ஆனால் சல்லடை சுத்தமாக இருந்தது. பக்கத்துப் பண்ணைக்காரர் மண்வெட்டியால் வழித்துப் போட்டாராம். நான் மேலே ஏறி நின்று படம் எடுத்ததைப் பார்த்துவிட்டுத்தான் அந்தச் சல்லடை அவருக்கு நினைவுக்கே வந்ததாம்.

நேற்று நல்ல மழை. நின்று ஒரு மணி நேரம் கழித்துப் போனேன். வடக்குப் பாதி காய்ந்திருந்தது. தெற்கில் இன்னும் சொட்டுகிறது. முன்பு எண்ண முடியாத வேகம், இப்போது நிமிடத்துக்குப் பதினான்கு சொட்டு என்று மகள் எண்ணினாள். தகடுகளில் உள்ள அளவைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். மார்ச்சில் அதே இடத்தை மறுபடி எடுத்து இரண்டையும் இங்கே போடுகிறேன்.